நசீம் பானு பார்த்ததும் கேட்டதும்

இஸ்திரிப் பெட்டி சூடேறும்வரை நசீம் பானு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். படியேறி வரும் பெண் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கண்ணை மூடி, வலது கையை முன்னே நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, வந்தவளின் தோளை அந்த இடைவெளிக்குள் வைத்துப் பார்த்துவிடுவார். அடுத்து இடுப்பு. அளவு நாடா இல்லாமல் இல்லை. மேசை இழுப்பறையில் சுருண்டு கிடக்கிறது. "டேப்பு பொய் சொல்லாது. ஆனா அத்த சுத்துனா பொண்ணுங்க மூச்ச இழுத்து புடிச்சிக்குதுங்க. தூரத்துல வர்றப்பதான் மெய்யான சைஸு," என்பார்.

கல்யாணப் புடவைகளுக்கு முன்கூட்டியே கொசுவம் மடித்து, தேய்த்து, க்ளிப் போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பது அவர் தொழில். மணப்பெண் பெட்டியைத் திறந்து எடுத்துச் செருகிக்கொண்டால் போதும். பூந்தமல்லியில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் பழைய கம்பளியை விரித்ததுதான் பட்டறை. மாங்காட்டிலும் அம்பத்தூரிலும் அடுக்குமாடிகளில் குடியிருந்து ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண்கள் வரிசையாக வருகிறார்கள். அவர்களில் பலருக்குப் புடவை கட்டத் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. "கத்துக்கினா எனக்கு யாரு சோறு போடறது?"

வேலை செய்யும்போது வாயில் நான்கைந்து க்ளிப்புகளைக் கவ்வியிருப்பார். பேச்சு அதற்கிடையில்தான் வரும். முந்தானை மடிப்புகளுக்கு இஸ்திரிப் பெட்டி ஆகாது, ஜரிகை கருத்துவிடும் என்று, முடியை நேராக்கும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்து இழுப்பார். இழுத்த பிறகும் நம்பிக்கை வராது. கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒருமுறை நீவிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்.

என் தங்கையின் வரவேற்புப் புடவையோடு நான் அங்கே போனது போன ஆடி முடிந்து. சில வருடங்கள் பல தேசங்களில் திரிந்துவிட்டு அப்போதுதான் ஊர் வந்திருந்தேன். வாசலிலேயே என்னை அளந்துவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம்: "நீ எந்த ஊர்லயும் ஒயுங்கா சாப்டல." அடுத்த நொடியே தலையை ஆட்டித் திருத்திக்கொண்டார். "அது நான் பாக்கல. எலும்பு தெரியுது, அத்த பாத்தேன்."

இந்தத் திருத்தம்தான் நசீம் பானு.

அம்பத்தூர் பஸ் போய்விட்டதா என்று தெருவில் யாராவது கேட்டால், "போச்சுன்னு மெடிக்கல்காரரு சொன்னாரு, நான் பாக்கல," என்பார். எதிர்வீட்டில் சண்டையாமே என்றால், "தட்டு உயுந்த சத்தம் கேட்டேன். யாரு போட்டதுன்னு தெரியாது." பார்த்தது ஒரு கூடை, காதில் விழுந்தது இன்னொரு கூடை. இரண்டையும் கலக்கமாட்டார். அவர் கணவர் ஜாபர் அலி குமணன்சாவடியில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறார். "எங்க ஊட்டுக்காரிகிட்ட வெயில் அடிக்குதான்னு கேட்டாக்கூட வெளிய போயி தலைய காட்டிட்டு வந்துதான் பதில் சொல்லுவா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பிறவியிலேயே வந்த குணமில்லை இது. கோர்ட் கொடுத்தது.

அவர் தம்பி அர்ஷத் ஓமான் தேசத்தில் சலாலாவில் இருக்கிறார். போவதற்கு முன்பு கள்ளிக்குப்பத்தில் சின்னப்பையன் என்ற பெரியவரிடம் ஒரு மனை பேசி முடித்தார். ஒப்பந்தம் எழுதியாயிற்று. பெரியவரே அர்ஷதைக் கூட்டிக்கொண்டு போய், நான்கு மூலையிலும் கல் நட்டு, இந்தா உன் இடம் என்று காட்டினார். அடுத்த விடுமுறையில் பத்திரம் பதிவதாகப் பேச்சு. அந்த விடுமுறைக்குள் பெரியவர் இறந்துவிட்டார். மகன் பால்ராஜ், அப்பா அப்படி எதுவும் கொடுக்கவில்லை என்றுவிட்டார். அர்ஷத் அவசரமாக வந்து வழக்குப் போட்டு, அக்காவின் பேரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். எட்டு வருடம் ஆகிறது. நசீம் பானு அவரைக் கடைசியாகப் பார்த்தது விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

அன்றிலிருந்து தம்பிக்காகப் பிரமாணப் பத்திரங்களில் கையெழுத்திடுவது அவர்தான். முதல் பத்திரத்தின்போது வக்கீல் ஞானசேகரன் அவரை உட்காரவைத்துச் சொன்னாராம்: எது நீங்கள் கண்ணால் பார்த்தது, எது தம்பி சொன்னது, பிரித்துச் சொல்லுங்கள் அம்மா, சத்தியம் செய்து எழுதுகிற காகிதம் இது. பால்ராஜ் மனைக்கு வேலி போட ஆள் கூட்டி வந்ததை நசீம் பானு நேரில் நின்று பார்த்தார். அதை அவரே சத்தியம் செய்து சொல்ல முடிந்தது, வேலிக்குத் தடையும் கிடைத்தது. வாய்தா கேட்க, தாமதத்தை மன்னிக்கக் கேட்க என்று எத்தனையோ பத்திரங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும், மேலே சொன்னவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி மெல்ல மெல்ல அவர் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் சலாலாவில் ஒரு மழைக்காலம் தங்கியிருந்தேன் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்ததும் வாயிலிருந்த க்ளிப்புகளைக் கையில் எடுத்துவிட்டார். "நீ போனியா, போனவங்க சொன்னாங்களா?" போனேன் என்றேன். புடவை அப்படியே கிடக்க, நாற்காலியை இழுத்துப்போட்டார். அன்றிலிருந்து புடவை இல்லாமலும் நான் அங்கே போகத் தொடங்கினேன். ஒரே ஊரில் ஒரே நாற்காலியில் உட்கார எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவர் வீட்டில் மட்டும் உட்கார முடிந்தது.

கேட்பதெல்லாம் சலாலாவைப் பற்றித்தான். அங்கே தென்னை மரம் இருக்கிறதாமே? இருக்கிறது, சாலையோரம் ஓலை வேய்ந்த கடைகளில் இளநீரும் வாழைப்பழமும் தொங்கும். பாலைவன நாட்டில் மழை பெய்யுமாமே? பெய்யும், சாரல்தான், மலை பச்சையாகிவிடும், மூட்டத்தில் எதிரே வரும் ஆள் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டுவார். "அவனும் இதேதான் சொன்னான். அவன் சொன்னா சொன்னது. நீ பாத்தவ."

ஒருநாள் கைபேசியில் அர்ஷதின் பழைய படத்தைக் காட்டினார். சுருட்டை முடி, அக்காவைப் போலவே அகன்ற தோள். இவனை எங்கேயாவது பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கேட்டது வேறு யாராக இருந்தாலும், பார்த்த மாதிரி இருக்கிறது என்று ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்ற பாரு. அது போதும்," என்று படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அர்ஷத் வாரம் தவறாமல் பேசுகிறார். குரல் மட்டும்தான். அந்த ஊரில் வீடியோ கால் சரியாக வருவதில்லை என்கிறார். அங்கே எனக்கும் அது தகராறு செய்ததுதான் என்று நசீம் பானுவிடம் சொன்னேன். மற்றவர்கள் எப்படியோ வழி கண்டுபிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கேட்டதற்குச் சொல்ல வேண்டியிருந்தது. அர்ஷத் கடலைப் படம் எடுத்து அனுப்புவார், மழையை அனுப்புவார், சமைத்த மீனை அனுப்புவார். அந்தப் படங்கள் எதிலும் அவர் இல்லை.

போன மார்கழியில் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. தம்பிக்குப் பதிலாகத் தானே சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நசீம் பானு அம்பத்தூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். பவர் வைத்திருக்கிறவர் தான் செய்ததைச் சொல்லலாம், தான் பார்த்ததைச் சொல்லலாம். கல் நட்டபோது இருந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் காலமாகிவிட்டார். அன்று நடந்ததை இந்த அம்மா எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? நீதிபதியும் அது சரிதான் என்றார். அர்ஷத்தான் சத்தியம் செய்ய வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் அவரே நிற்க வேண்டும்.

ஞானசேகரனின் முகம் தொங்கிப்போயிற்று. நசீம் பானு அங்கிருந்து வரும் வழியில் ஜவ்வரிசியும் முந்திரியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"கோர்ட்டுல தோத்துட்டு வந்து பாயசம் வெக்கிறவ தமிழ்நாட்டுலயே இவ ஒருத்திதான்," என்றார் ஜாபர் அலி என்னிடம், கிண்ணத்தை வழித்துக்கொண்டே.

"யாரு தோத்தது? ஜட்ஜே சொல்லிட்டாரு, அவன் வந்துதான் ஆவணும்னு. நான் எட்டு வருசமா கூப்டறேன், வர்ல. இப்ப கோர்ட்டு கூப்டுது." கல் நட்ட அன்று தன்னையும் வரச்சொல்லி அர்ஷத் வற்புறுத்தியதையும், தான் அவனுக்காக நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்ததால் போகாததையும் அப்போதுதான் சொன்னார். "ஒரு எட்டு போயி நின்னிருந்தா நானே இன்னிக்கு சாட்சி சொல்லிட்டிருப்பேன். அவன் வரவே தேவையில்லாம போயிருக்கும். போவாததும் நல்லதுக்குத்தான்."

மாடி அறைக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு லுங்கி வந்தது. சட்டைக்குத் துணி எடுத்துக்கொண்டு தையல்கார ஆனந்தனிடம் போனபோது நானும் கூட இருந்தேன். நாடாவைத் தொடாமல், காற்றில் கையை விரித்துத் தோளும் மார்பும் காட்டினார். ஆனந்தன் தலையைச் சொறிந்தார். "இது எப்ப எடுத்த அளவு, அக்கா?"

"ஏர்போர்ட்டுல."

"ஆளு மாறியிருப்பாரேக்கா. எட்டு வருசத்துல தொப்ப கூட வந்திருக்கும்."

"வந்திருந்தா நான் பாக்கல. பாத்த அளவுக்கு தெச்சு குடு."

சட்டை வந்து மாடி அறைக் கதவில், புடவை க்ளிப்பில் தொங்கியது. தினமும் மேலே போய் அதன் தோளைச் சரிசெய்துவிட்டு வருவது நசீம் பானுவுக்கு ஒரு பழக்கமாயிற்று.

தை பிறந்து அர்ஷத் பேசினார். விடுமுறை கிடைக்காது என்றார். ஆனால் வழி இருக்கிறதாம், யாரோ சொன்னார்களாம். மஸ்கட்டில் இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் அவர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். குறுக்கு விசாரணையையும் அங்கிருந்தே திரையில் வைத்துக்கொள்ளலாம். கோர்ட்டில் அனுமதி கேட்டு ஒரு மனுப் போட்டால் போதும். நசீம் பானு போனை வைத்துவிட்டு, தேய்த்துக்கொண்டிருந்த புடவையைத் தேய்த்து முடித்தார். சலாலாவிலிருந்து மஸ்கட் எவ்வளவு தூரம் என்று பிறகு என்னைக் கேட்டார். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க ஆகும், விமானத்தில் சென்னைக்கு வருவது அதைவிடச் சீக்கிரம் என்றேன்.

"நீ ரெண்டுலயும் போயிருக்கியா?"

போயிருந்தேன்.

"ம்," என்று அடுத்த புடவையை விரித்தார்.

அந்த மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். அதில் சத்தியம் செய்ய வேண்டியது பவர் வைத்திருக்கிற நசீம் பானு. துணைக்கு வரச்சொன்னார், போனேன். வக்கீலின் குமாஸ்தா அப்பாவு ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். அவர் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்த நசீம் பானு ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். வாதியால் இந்தியா வர இயலாது என்பது எனக்கு நேரில் தெரியும் என்றிருந்தது.

"எனக்கு எப்டிபா தெரியும்? நான் இன்னா சலாலாவுலயா கீறேன்?"

"எல்லாரும் இப்டித்தான்மா போடறது."

"எல்லாரும் பாத்திருப்பாங்க. நான் பாக்கல."

அப்பாவு வக்கீலைப் பார்த்தார். ஞானசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. தான் விதைத்ததுதானே என்று நினைத்திருப்பார். தவறொன்றும் இல்லை, இது இடைக்கால மனு, நேரில் தெரியாததையும் இதில் சொல்லலாம் என்று விளக்கினார். யார் சொன்னது என்று எழுத வேண்டும், அதை உண்மையென்று நம்புவதாகவும் எழுத வேண்டும். அப்பாவு வரியை மாற்றி அடித்தார். வாதி தொலைபேசியில் தெரிவித்ததன் பேரில், அவரால் வர இயலாது என்று அறிகிறேன், அதை உண்மையென்று நம்புகிறேன்.

நசீம் பானு காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"சொன்னான், அது நெஜம் சார். நம்பறேன்னும் போடணுமா?"

"போடணும்மா. நீங்களே நம்பலன்னா ஜட்ஜ் எப்படி நம்புவார்?"

"போடலன்னா?"

"மனு நிக்காது. அவர் வந்தாகணும். வரலைன்னா சாட்சி இல்லன்னு முடிச்சிடுவாங்க. மனை போயிடும்."

அவர் என்ன கணக்குப் போட்டார் என்பது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடாவிட்டால் தம்பி வரலாம். வராமலும் போகலாம், அப்போது மனையும் போய்விடும். கைபேசியை எடுத்து அர்ஷதைக் கூப்பிட்டார். மேசைமேல் வைத்தார், எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, நான் வக்கீல் ஆபீசுல கீறேன். சத்தியம் பண்ணி கையெய்த்து போடணும். நீயே சொல்லு. வர முடியாதா, வர மாட்டியா?"

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம். "முடியாதுக்கா," என்றது குரல். பிறகு, "காரணம் கேக்காதக்கா. முடியாது, அத்த மட்டும் நம்பு."

"ஒடம்பு நல்லா கீதா?"

"நல்லா கீதுக்கா."

"அது நீ சொல்றது," என்றார் நசீம் பானு. போனை வைத்தார்.

எதிர் அறையில், இந்த வழக்கில் சம்பந்தப்படாத ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்தீர்களா, புரிந்ததா, உண்மைதானா என்று அவர் வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார். மூன்றாவதற்கு நசீம் பானு மறுபடி காகிதத்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நகம் காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது.

"நம்பறேன்," என்றார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவருக்கு அது தோன்றியது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, திரையிலன்னா, மூஞ்சி தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். தெரியாமல் அங்கே சாட்சி சொல்ல முடியாது.

மனுவுக்கு அனுமதி கிடைத்து, போன மாதம் அந்த நாள் வந்தது. வேலைகள் எதையும் ஏற்காமல், இஸ்திரி போட்ட கருப்புப் புர்காவில், கோர்ட் திறப்பதற்கு முன்பே போய் நின்றார். கடைசி பெஞ்சில் நானும் அவரும். நீதிபதியின் மேடைக்குப் பக்கத்துச் சுவரில் திரை இருந்தது. இங்கிருந்து அவர் தெரிவார், அவருக்கு நாம் தெரியமாட்டோம், பேசவும் கூடாது என்று அப்பாவு இரண்டுமுறை சொல்லிவிட்டுப் போனார்.

திரையில் முதலில் ஒரு நாற்காலியும் சுவரும் வந்தன. பிறகு ஒருவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி போட்டிருந்தார். தாடி நரைத்திருந்தது, சுருட்டை முடியைக் காணவில்லை. சத்தியப் பிரமாணம் செய்தபோது குரல் மட்டும் கைபேசியில் கேட்ட அதே குரல். பக்கத்தில் நசீம் பானு பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

கல் நட்டதைப் பார்த்ததாகச் சொல்கிறீர்களே, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"கூடத்தான் நின்னேங்க ஐயா. பெரியவரு கடப்பாறையால குயி தோண்டுனாரு, நான் கல்ல எறக்கி மண்ணு தள்ளுனேன். நாலாவது கல்லு கெணத்தோரமா. முடிச்சிட்டு அக்கா ஊட்டுக்கு போயி நெய்ச்சோறு துன்னேன்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார் நீதிபதி. கடைசி வாக்கியத்தைத் தட்டச்சர் எழுதவில்லை.

நான் திரும்பினேன். நசீம் பானு ஒரு கண்ணை மூடியிருந்தார். மடியிலிருந்த வலது கை எழுந்து, முன் பெஞ்சுக்காரரின் தலைக்கு மேலே நீண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து, திரையிலிருந்த தோளை நடுவே வைத்துப் பார்த்தன. கை வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு சுண்டுவிரலை மெல்ல உள்ளே மடக்கி, அளவை ஒரு விரல் குறைத்து, மோதிரவிரலை நீட்டினார்.